கடைசி ஹோர்டிங்கின் நிழல்

2022 மே 17, செவ்வாய். நான்கரைக்கு எழுந்து, ரோலா பகுதியில் நான் தங்கியிருந்த அறையில் பாலில்லாத கட்டன் சாயா குடித்து, ஆறு மணிக்கு சைட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஒரே வேலைதான்: ஹோர்டிங்கைப் பிரித்து லாரியில் ஏற்றுவது. கட்டடம் முடியும்வரை சைட்டைச் சுற்றி நிற்கும் உயரமான தகர வேலியைத்தான் ஹோர்டிங் என்போம்.

அது இந்த அரசு அலுவலக வட்டாரத்தின் கடைசி ஹோர்டிங். நான் இந்த வளைகுடா ஊருக்குப் போர்மேனாக வந்தபோது இங்கே ஒரு நீதிமன்றமும் மணலும்தான் இருந்தன. பிறகு தொழிலாளர் அலுவலகம், நகராட்சி, விசா அலுவலகம் என்று வரிசையாக எழுந்தன. அவற்றில் மூன்று நான் நின்று கட்டியவை. ஒன்று முடிந்ததும் அதே தகரங்களைக் கழற்றி அடுத்த மனையைச் சுற்றி அடிப்போம். இனி அடுத்த மனை கிடையாது. மறுநாள் ஹேண்டோவர், கட்டடத்தை ஒப்படைக்கும் நாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

பத்து மணிக்கு மேற்குப் பக்கம் தொடங்கினோம். நாலு தகரம் இறங்கியதும், எனக்குக் கீழே ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்ஹேண்ட் தூத்துக்குடி அந்தோணி ஸ்பேனரோடு நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இவங்க நகர மாட்டேங்காங்க."

வேலியை ஒட்டி நடைபாதையில் ஒரு நீள வரிசை. தொழிலாளர் அலுவலகத்தில் காகித வேலையை முடித்து, தங்கள் விடுதிக்குப் போகும் கேம்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். நாங்கள் தகரத்தை எடுக்க எடுக்க, மிச்ச நிழலுக்குள் நெருங்கிக்கொண்டே போனார்கள்.

"தள்ளி நில்லுங்கப்பா."

"எங்கண்ணே தள்ளுறது? பஸ் பன்னெண்டுக்குத்தான் வரும்" என்றார் சோனாப்பூர் கேம்ப்காரர் ஒருவர். "ஒரு தகரம் விட்டுவைங்க, மாத்தி மாத்தி நின்னுக்கிறோம்."

"நிழலுக்கும் டோக்கன் போட்டுருவோமா?" என்றார் பின்னால் நின்றவர். வரிசை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமும் இங்கே வந்தவர்கள் எங்கள் வேலியின் நிழலில்தான் நின்றிருக்கிறார்கள். வேலி இடம் மாறினால் அவர்களும் மாறினார்கள். எந்த டிராயிங்கிலும் அந்த நிழல் இல்லை.

ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் போன் செய்தேன். "சார், மேற்குப் பக்க வேலி மட்டும் நிக்கட்டுமே?"

"யோவ், தகரம் நின்னா நாளைக்குக் கையெழுத்து விழாதுய்யா. ரெண்டு மணிக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சு கலாஸ் பண்ணு."

"கிளையன்ட் இன்ஜினியர் இப்ப வர்றார். கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேளு. கத்தினார்னா நான் லீவுன்னு சொல்லிடு."

கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும் அரசுத் தரப்பின் கிளையன்ட் இன்ஜினியர் இந்நாட்டுக்காரர், அரபி. எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். அவர் வந்ததும் வரிசையைக் காட்டினேன். வேலிக்கு உள்ளே, அலுவலர்களின் கார்களுக்காக நாங்கள் போட்டிருந்த துணிக் கூரைகளையும் காட்டினேன். ஓரத்து இரண்டை நடைபாதைக்கு மாற்றினால் போதும் என்றேன்.

"அந்த இரண்டும் யாருக்கு?"

"ஒன்று உங்களுக்கு, சார்."

அவர் கூரையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "என் காருக்குத் தலை சுற்றாது, பாய். மாற்று. அங்கே கூரை எழும்வரை வேலி நிற்கட்டும். ஹேண்டோவர் பேப்பரில் நான் எழுதிக்கொள்கிறேன்."

இறக்கிய நாலு தகரத்தையும் அந்தோணி திரும்ப அடித்தார். வரிசை மறுபடி நீண்டது.

அன்றிலிருந்து எந்த சைட்டிலும், வேலியைப் பிரிப்பதற்கு முன் அதன் வெளிப்பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டே ஆட்களுக்கு ஸ்பேனர் கொடுக்கிறேன். இந்த வட்டாரத்தில் என்ன கட்டினாய் என்று கேட்பவர்களிடம் மூன்று கட்டடமும் இரண்டு கூரையும் என்று சொல்கிறேன்.

அந்த ஹேண்டோவர் நாள் காலை முதல் வேலையாக, நடைபாதைக்கு மாற்றுவதற்கு இன்ஜினியரின் கார் கூரையில் போல்ட்டைக் கழற்றினோம்.