கடைசிப் பக்கத்துப் பென்சில் வரிகள்

மளிகைக் கடையில் அரிசி சரியில்லை என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம். வாடகை நூலகத்தில் கதை சரியில்லை என்றால் நின்று திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். யாருக்காவது புத்தகம் சிபாரிசு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் என் கடை. படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதலாம், பெயர் போட வேண்டாம் என்பது இங்கே வழக்கம். பெயர் போட வேண்டாம் என்றதும் மனிதனுக்கு எங்கிருந்துதான் அத்தனை துணிச்சல் வருகிறதோ!

நெமிலிச்சேரி வரை

குமார் ரயிலில்தான் படிப்பார். ஒரு நாள் காலையில் வந்து, நான் கொடுத்த மர்ம நாவலை மேஜைமேல் தொப்பென்று போட்டார். நன்றாக இல்லையா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"இன்னாத்த நல்லாயில்ல? கொரட்டூர்ல எறங்க வேண்டியவன் படிச்சிகினே நெமிலிச்சேரி வரைக்கும் பூட்டேன். லேட்டுன்னு ஊட்ல ஒரே சண்டை. ரெண்டாம் பாகம் கீதா?"

டீச்சரின் தீர்ப்பு

ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார், திருத்துவதை மட்டும் விடவில்லை. ஒரு காதல் கதையின் கடைசிப் பக்கத்தில், 'நாயகன் மூன்று அத்தியாயமாக அழுகிறான். எழுந்து போய்ப் பல் தேய்க்கட்டும்' என்று எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து, பெயரே தேவையில்லை. கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா டீச்சர் என்றேன்.

"பூசை முடிஞ்சு மாதா கோயில்லேருந்து நேரா வர்றேம்மா. இன்னிக்கு என்னைப் பொய் எழுதச் சொல்லாத."

ஓனரின் நாவல்

இனிமேல்தான் என் கடைக்கே ஆபத்து வந்த கதை. கட்டட ஓனர் ஏகாம்பரம் இந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். இப்போது அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சொந்தச் செலவில் ஒரு நாவல் அச்சடித்து, தலையணை கனத்தில் கொண்டுவந்து வைத்தார். கடை அக்ரிமெண்ட் அந்த மாதத்தோடு முடிகிறது.

"படிச்சவங்க இன்னா எழுதறாங்கன்னு மாசக் கடைசில வந்து பாக்கறேம்மா. அக்ரிமெண்ட் கதையும் அப்பாலிக்கா பேசிக்கலாம்."

ரப்பரும் நானும்

படித்தேன். முதல் அத்தியாயத்தில் மழை பிடிக்கிறது; நாலாவதில்தான் நாயகன் குடையை விரிக்கிறான். ஆனால் நிலத்தை விற்ற மறுநாள், பழக்க தோஷத்தில் விடிகாலையில் அங்கே போய்விட்டு வாட்ச்மேனிடம் திட்டு வாங்குகிறான் பாருங்கள், அந்த இடத்தில் நிஜமாகவே அழுதுவிட்டேன். இதை அப்படியே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கடையைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர், யாரோ ஒரு அம்மா ஆட்டோவில் வந்து அந்த நாவலை எடுத்துப் போய்த் திருப்பியும் கொடுத்துவிட்டார் என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'பாதி வெட்டணும். ஒரே பேச்சு. நெலம் வித்த எடம் மட்டும் நல்லா கீது.' அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன், வாசலில் ஏகாம்பரம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். அலமாரிகளை ஏற்ற எந்த வண்டியைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்க ஊட்டம்மா கையெழுத்து. கண்ணாலம் ஆன நாள்லேந்து நான் செஞ்ச ஒண்ணையும் அது 'நல்லா கீது'ன்னு சொன்னதில்லம்மா. எங்க அந்த அக்ரிமெண்ட்டு, குடு!"

உள்ளதைச் சொன்னால் தொழில் கெடும் என்பார்கள். உள்ளதை ஓனரம்மா எழுதியதில் என் கடை பிழைத்தது, ஏகாம்பரம்தான் இப்போது இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார்.