கோபிநத்தம் மாமாவின் ஒரே கேள்வி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று எங்கள் பள்ளியில் விவாதப் போட்டி. காப்புக்காட்டுக்கு அடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கலாமா?

நான் ‘கூடாது’ அணி. கோபிநத்தத்தில் காட்டோரம் விவசாயம் செய்யும் மாமா, கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கொடுத்திருந்தார்: “பாறை ஒடஞ்சா நம்ம போர்வெல்லுல என்ன கண்ணு வரும்?”

முதலில் மாலை, சால்வை, வரவேற்புரை. பிறகு சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசினார். “கேஸ் எடுக்கலேன்னா நாளைக்கு லைட்டே எரியாது.”

பட்டப்பகலில் அரங்கின் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

நான் மைக்கைப் பிடித்ததும் பள்ளி விடும் மணி அடித்தது.

“பரவாயில்ல புட்டி, அடுத்த வருஷம் பேசு,” என்றார் ஆசிரியை. சின்னப் பெண்களை அவர் கன்னடத்தில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்.

“ஒரு கேள்வி மட்டும் மிஸ்...”

“கரண்ட் வேஸ்ட் ஆகுது பாரு, கெளம்பு.”

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் மேடையிலிருந்து இறங்குவதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.