ரங்கசாமியின் கண்ணுக்குத் தப்பிய சிவப்பு

அரக்குக்கும் குங்குமத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு வேண்டும் என்று கல்யாண வீட்டார் யாராவது அடம்பிடித்தால், ஆரணி நெசவுக்காரர்கள் பட்டு நூலைத் தூக்கிக்கொண்டு ரங்கசாமியிடம்தான் ஓடுவார்கள். சாயத்தொட்டியிலிருந்து நூலைத் தூக்கி வெயிலில் ஒரு பார்வை பார்ப்பார். இன்னும் கொஞ்சம் ஏறணும் என்று மறுபடி முக்குவார். எந்தச் சிவப்பும் தன் கண்ணுக்குத் தப்பாது என்பது அவர் நினைப்பு. முழங்கை வரை சிவந்த கையோடு டீக்கடைக்குப் போனால் வெளியூர்க்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்தக் கண் பெருமைதான் வீட்டில் சண்டை மூட்டியது. அண்ணன் அய்யாக்கண்ணு குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது, முதலில் மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்போம் என்று டாக்டரம்மா, மலத்தைத் தடவிக் கொண்டுவர ஓர் அட்டையும் குச்சிகளும் கொடுத்தனுப்பினார்.

ரங்கசாமி அட்டையை அலமாரி மேல் எறிந்தார்.

"சிவப்பு இருந்தா எனக்குத் தெரியாதா? தெனமும் பாத்துகினுதான கீறேன்."

இட்லி தின்றுகொண்டிருந்த மனைவி அபிதகுசாம்பாள் தட்டைத் தள்ளி வைத்தாள். கெஞ்சவில்லை. கறி தின்றால் சோதனை தப்பாகக் காட்டுமாம், அதனால் அட்டை நிரம்புகிற வரைக்கும் கீரைதான் என்று சொல்லிவிட்டாள். ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் கீரை வந்ததும் மனுஷன் பேஜாராகி அட்டையோடு கொல்லைப்பக்கம் போனார்.

நிரம்பிய அட்டையைப் பஜார் வழியாக எப்படிக் கொண்டுபோவது? சேலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அங்கேதான் தப்பு செய்தார். ஆரணியில் சேலைப் பெட்டியைப் பார்த்தால் யார் சும்மா விடுவார்கள்? எதிரே வந்த வியாபாரி பழனி, புது டிசைனா என்று மூடியில் கை வைத்துவிட்டார். அன்றைக்கு ரங்கசாமி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, யாருக்கும் காட்டாத டிசைன் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பஜார் ஒரு வாரம் பேசியது.

பரிசோதனைக் கூடத்தில் ரோஸி என்கிற பெண் அட்டையில் மருந்துச் சொட்டு விட்டாள். ரங்கசாமி நகராமல் நின்று பார்த்தார். ஓரத்தில் நீலம் ஊறியது.

"நல்லா எறங்குதே. இன்னா சாயம்மா இது?"

"சாயம் இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தா இப்படி நீலமாவும்."

காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார். அபிதகுசாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வேலூரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் சின்னதாக ஒரு கட்டி. அந்தக் குழாய் வழியாகவே அதை வெட்டி எடுத்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே ரங்கசாமி புது அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு தம்பி சின்னப்பையன் வீட்டுக்குப் போனார். தம்பி சிரித்தான். எனக்கு ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றான். ரங்கசாமி வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணனக் கடைசில நான்தான்டா தூக்கிகினு திரிஞ்சேன். உன்னத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

தம்பி சிரிப்பை நிறுத்தினான். வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே அட்டைக்குக் கை நீட்டினான்.