விருத்தாசலத்தில் கலைந்த மௌனம்

விருத்தாசலம் ஜங்ஷனில் விழுப்புரம் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். திருவண்ணாமலை போய்ச் சேரும்வரை மௌன விரதம். வாயை மூடினால் உள்ளே இருப்பது தெரியும் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பிக் கிளம்பியிருக்கிறேன். காலையிலிருந்து உள்ளே கேட்பதெல்லாம் ஒன்றுதான்: 'பார், நான் எவ்வளவு அமைதியாக இருக்கிறேன்!'

பக்கத்தில் ஒரு பெண். மடியில் கூடை, அதில் வைக்கோலுக்கு நடுவே பீங்கான் பொம்மைகள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்தவையாம். விழுப்புரத்தில் தங்கச்சி வூட்டுக் கொலுவுக்குக் கொண்டுபோகிறாளாம். நான் தலையை மட்டும் ஆட்டுவதைப் பார்த்து, "பாவம், பேச வராதுபோல" என்று என் கையைத் தடவிக்கொடுக்கிறாள்.

எதிரே ஒரு வண்டி நிற்கிறது. அவள் கூடையோடு ஓடி ஏறிவிடுகிறாள். பெட்டியின் பலகையில் சேலம் என்று எழுதியிருக்கிறது. கரி எஞ்சின் ஊதிவிட்டது.

"எறங்குங்க! அது சேலம் வண்டி!"

கத்தியது நான்தான். ஓடிப்போய்க் கூடையை வாங்கிக்கொள்கிறேன். அவள் இறங்கியதும் வண்டி நகர்கிறது.

"அக்கா, நீங்க பேசுவீங்களா? அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் வாயே தொறக்கல?"

"உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கலாம்னு சும்மா இருந்தேன்."

"பாத்தீங்களா?"

கத்திய அந்த நொடியில் விரதமும் நினைவில்லை, நானும் நினைவில்லை. அவள் மட்டும்தான் இருந்தாள். இதை எப்படிச் சொல்வது?

"இப்பத்தான் கொஞ்சம் தெரிஞ்சுது."

"அப்போ இனிமே பேசலாம்ல?" என்றபடி என்னை ஒட்டி உட்கார்கிறாள்.