இலுப்பைக் கன்றில் சிவப்பு நூல்

அமாவாசையன்று காஞ்சியில் தறி ஓடாது. அந்த ஓய்வு நாளிலும் பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றும் பெரியவர் ஒருவர் வந்து, கல்லூரிப் பெண்களான எங்களோடு ஏரிக்கரையை அடைத்திருந்த வேலிக்காத்தான் என்ற சீமைக்கருவேல முள்ளை வெட்டுவார். முழங்கைவரை சாயம் ஏறிய கைகள். முள்ளுக்கிடையே வளர்ந்த இலுப்பைக் கன்றுகளை யாரும் தவறி வெட்டாதிருக்கச் சிவப்புப் பட்டுநூல் கட்டினார். அதை வேண்டுதல் என்று நினைத்த ஊர்ப் பெண்கள் மேலும் மேலும் கட்ட, கன்றுகள் நெரிபட்டு வாடின.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ‘நூல் கட்டாதீர்’ என்று பலகை எழுதி நட்டேன். அடுத்த அமாவாசைக்குள் பலகைக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“உன் எழுத்தையும் சாமியாக்கிட்டாங்கம்மா,” என்று சோர்வாகச் சிரித்தவர், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

“அறுத்துப் போடுங்களேன்.”

“எந்தப் புள்ளைக்கு வேண்டிக்கினு கட்டுனாங்களோ!”

அவிழ்த்த நூலையெல்லாம் ஒரு வேலிக்காத்தானில் கட்டினார். அதை மட்டும் எங்களை வெட்டவிடவேயில்லை. அதன் விதைகள் இன்றும் கரையெங்கும் முளைக்கின்றன. குனிந்து பிடுங்கும்போதெல்லாம் அவரைத் திட்ட நினைக்கிறேன், முடிவதில்லை.