எந்தக் கையில் கிளி

லேபிளுக்குப் படம் போடுகிற தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று என்னை யாரும் கேட்டது கிடையாது. அந்தத் தொழிலில் நான் இருந்ததே யாருக்கும் தெரியாது, பிறகு எப்படிக் கேட்பார்கள்? ஒரு காலத்தில் மதுரையில் தலைக்குத் தேய்க்க எண்ணெய் வாங்கியவர்கள், சூடம் வாங்கியவர்கள், மூக்குப்பொடி வாங்கியவர்கள் எல்லாரும் நான் போட்ட படத்தைக் கையில் பிடித்திருக்கிறார்கள். பிடித்துவிட்டுக் கிழித்தும் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. லேபிள் என்றால் கிழிக்கத்தான் செய்வார்கள். எனக்கு இருந்த ஏக்கம் வேறு. இதைப் போட்டது இவள்தான் என்று என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் சொல்லி, அதை நான் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் எனக்கு அத்தை மகன். எங்கள் வீடு விளாங்குடியில் காடு கழனி பார்த்த வீடு. அவர் மட்டும் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்று டவுனுக்குப் போய் ஒரு கல்லச்சுக் கூடத்தில் சேர்ந்திருந்தார். ஈய எழுத்தை அடுக்கி அடிக்கிற அச்சு இல்லை இது. சீமையிலிருந்து வந்த வழுவழுப்பான பெரிய கல்லின் மேல் கொழுப்பு மையால் படம் எழுதி, அதிலிருந்து தாளில் எடுப்பது. அவருடைய வேலை கல்லைத் தேய்ப்பது, மை உருட்டுவது. படம் எழுத வேறு ஒருவர் இருந்தார், அவரை ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிட்டார்கள். பேசும் படம் வந்த புதிது. நான் கல்யாணமாகி டவுனுக்கு வந்ததும் அப்போதுதான்.

அச்சில் பிசகின தாள்களை அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு அடுப்பில் வைக்க எனக்கு மனசு வராது. அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஆள் வைத்துச் சொல்லித் தர யாரும் இல்லை. தீப்பெட்டி, நூல்கண்டு, சோப்புக் காகிதம் என்று கிடைத்த லேபிளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்தேன். பார்த்துப் பார்த்து எழுதினேன். சிலதைப் பார்த்தால் கண் நேராகப் பூவுக்குப் போகிறது. சிலதில் எங்கே போவதென்று தெரியாமல் முழிக்கிறது. அது ஏன்? ஒரு நாள் கடையில் நிற்கும்போதுதான் விளங்கியது. லேபிளை யாரும் மடியில் வைத்துப் பார்ப்பதில்லை. கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும், நாம் தெருவில் நிற்போம். அங்கிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். அன்றிலிருந்து நான் எழுதின படத்தைச் சோற்றுப் பருக்கையால் அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வாசலில் போய் நின்று பார்ப்பேன். அங்கிருந்து என்னவென்று புரியாவிட்டால் வேறு தாள் எடுப்பேன். நான் தொழில் படித்த லட்சணம் இதுதான்.

சினிமாப் படத்துக்கு போஸ்டர் எழுத என்று அந்த ஆர்ட்டிஸ்ட் திடீரென்று மெட்ராசுக்குப் போய்விட்டார். ஒரு கூந்தல் எண்ணெய் லேபிள் அரைகுறையாக நின்றது. முதலாளி தவியாய்த் தவிக்கிறார் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் அன்றைக்கே கூந்தலை முன்னால் போட்டுப் பின்னுகிற ஒரு பெண்ணை எழுதிக் கொடுத்து, கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றேன். மறுநாள் திரும்பிவந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ரொம்பப் பிடித்ததாம். நீயா எழுதினாய் என்று முதலாளி கேட்டாராம்.

“மண்டைய ஆட்டிட்டேன்” என்றார்.

நாலு நாள் நான் பேசவில்லை. சோறு வைத்தேன், தண்ணீர் வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் சும்மா இருக்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். பொம்பளை எழுதியது என்றால் வியாபாரி எவனும் வாங்க மாட்டான், முதலாளியும் தொட மாட்டார், பொய் சொல்ல எனக்கு என்ன ஆசையா என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆனால் அஞ்சாம் நாள் அச்சான தாளைக் கொண்டுவந்து விரித்தாரே, அதைப் பார்த்ததும் என் ரோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் படம் பச்சையும் சிவப்புமாக, ஒரே மாதிரி பன்னிரண்டு வரிசையாக! அடுத்து என்ன லேபிள் வருகிறது என்று என் வாய்தான் கேட்டது. கிறுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியாக அவர் ஆர்ட்டிஸ்ட் ஆனார். நான் அடுப்படியில் எழுதுவேன். அவர் மெல்லிய தாளில் அதன் கோடுகளை எடுத்து, காவிப்பொடி தடவிக் கல்லில் பதித்து, மேலே மையால் ஓட்டுவார். கல்லில் எல்லாம் இடவலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக விழும். எழுத்தை அவர் ஒழுங்காகத் திருப்பிப் பதித்துவிடுவார், இல்லாவிட்டால் படிக்கிறவன் சிரிப்பானே. படம் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று அப்படியே பதித்துவிடுவார். சூட லேபிளில் நான் கிழக்கே பார்க்க வைத்த யானை மேற்கே பார்த்துக்கொண்டு வந்தது. கேட்டதற்கு, யானை திரும்பி நின்றால் சூடம் எரியாதா என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. என் கோடு அதில் இருக்காது. நான் இழுத்த கோடு மெலிந்து தொடங்கி நடுவில் பருத்து நுனியில் மெலியும். அவர் ஓட்டியது முதலிலிருந்து கடைசி வரை ஒரே மொத்தமாக, சணல் கயிறு மாதிரி கிடக்கும். அந்தக் கல்லில் நானே எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதெல்லாம் கல்லைப் பற்றியே கேட்பேன். ஒரு நாள் சலித்துப்போய்ச் சொன்னார்:

“அங்க பொம்பளையாளு யாரும் வாரதில்ல. அதுவுமில்லாம, தலைய தொட்ட கையோட கல்லத் தொட்டா அம்புட்டுத்தான். எண்ணெய அது குடிச்சிரும். மை அதுமேல ஏறிரும். ஒரு விரல் பட்டாக்கூட அச்சுல வந்திரும்.”

நான் கடைத்தெருவுக்குப் போனால் நேராக வீடு திரும்ப மாட்டேன். என் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிற கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். என்னம்மா வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். ஒன்றும் இல்லை, அதை எழுதியது நான் என்று சொல்ல நாக்கு துடிக்கும். கால் படி உப்பு என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் உப்பு பானை பானையாக இருந்தது.

அப்போதுதான் சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் வந்தார். வீட்டில் வேறு பாஷை பேசுகிற நெசவுக் குடும்பம். அவர்கள் சேலைக் கட்டு ரங்கூன் வரைக்கும் போகும். கட்டின் மேல் ஒட்ட மீனாட்சி படம் போட்ட லேபிள் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒன்பது தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பத்தாவதைக் கொடுத்தேன். வலது கையில் கிளி. பார்க்கிறவர்களை நேராகப் பார்க்கிற கண். அதைப் போல ஒன்றை அதற்கு முன்னால் நான் எழுதியதில்லை.

இந்த மனுஷன் வழக்கம்போலப் படத்தைத் திருப்பாமல் பதித்தார். அச்சில் கிளி இடது கைக்குப் போய்விட்டது. இடது கையில் கிளி வைத்திருப்பவள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். மதுரையில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்! வியாபாரி தாளைப் பார்த்ததும் முதலில் கும்பிட்டாராம். தன் வீட்டில் பெருமாளைத்தான் கும்பிடுகிறார்கள், ஆண்டாள் தாயார் வந்ததில் சந்தோஷம், ஆனால் தான் கேட்டது இந்த ஊர்க்காரியை என்றாராம். அச்சுக்கூடமே சிரித்திருக்கிறது. அதோடு விடாமல், அச்சுக்கு முன்னால் தனக்குக் காட்டியிருந்த, நான் தாளில் எழுதின படத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதில் அம்மன் தன்னைப் பார்த்தாள், இதில் யாரையோ பார்க்கிறாள் என்றும் சொல்லிவிட்டார். முதலாளி கொதித்துப் போய், கோடு எடுத்துப் பதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், பழைய ஆர்ட்டிஸ்ட் எழுதியது போல நாளைக் காலையில் கல்லிலேயே நேராக எழுது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் வந்து என் முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். பிறகு, “காலையில எங்கூட வாரியா?” என்றார். அவ்வளவு கோபத்திலும் எனக்கு மனசுக்குள் குதிபோட்டது, மறைப்பானேன்.

விடிந்ததும் கையைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு, சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் யாரும் வந்திருக்கவில்லை. அவர் தேய்த்துத் தயாராக வைத்திருந்த கல் ஜன்னலோரம் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம். நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் என் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கல்லில் எழுதினேன். தூரிகை அதில் போன போக்கை என்னவென்று சொல்வேன்! தாள் என் கோட்டைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். கல் இழுக்கவில்லை. கிளியை மாற்றிப் பிடிக்க வைத்தேன், மூக்கை எழுதினேன், கடைசியில் கண்ணை எழுதினேன். எழுதி முடித்து மூச்சு விட்டபோது அவர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைக் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

வாசலில் முதலாளியின் குதிரைவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் சட்டென்று என் கையிலிருந்த தூரிகையை வாங்கிக்கொண்டார். நான் எழுந்து சுவரோரமாக நின்றேன்.

முதலாளி உள்ளே வந்து குனிந்து கல்லைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து அதிலும் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

“இம்புட்டு நாளா இந்தக் கைய எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?”

இதைவிட ஒரு கேள்வி வர முடியுமா? பதில் அஞ்சடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். முதலாளி அப்போதுதான் என்னைக் கவனித்து, இது யார் என்றார்.

“சம்சாரம். சோறு கொண்டாந்திருக்கா.”

முதலாளி தலையை ஆட்டிவிட்டு உள்ளறைக்குப் போனார். வகிட்டில் கட்டைவிரலை நன்றாகத் தேய்த்தேன். விளக்கெண்ணெய் வைத்துப் படியச் சீவின தலை. அந்த விரலைக் கொண்டுபோய், படத்தைச் சுற்றியிருந்த கரைக் கோட்டுக்குக் கீழே மூலையில் அழுத்தி வைத்து எடுத்தேன். கல்லில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மை பட்டால் எழும்பி வரும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

“அழிக்கணும்னா நீங்களே அழிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் அச்சு ஓடியது. அழித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். தேய்க்கிற சின்னக் கல்லால் அந்த இடத்தை நாலு தேய் தேய்த்தால் முடிந்தது, அதுதானே அவர் தொழில். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மீனாட்சிக்கு வலது கையில் கிளி இருந்தது. கண் என்னைப் பார்த்தது. கோடு என் கோடுதான், மெலிந்து, பருத்து, மெலிந்து. அந்த ஒரு படத்தை எடுத்துத்தான் தாள் நிறைய வரிசையாகப் பதிப்பார்கள் என்பதால், ஒவ்வொரு லேபிளிலும் கரைக்குக் கீழே, மூலையில், சுழி சுழியாக என் கட்டைவிரல்.

அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

“மொதலாளி பாத்துட்டு அழிக்கச் சொன்னாரு. நான் அழிக்கல” என்றார்.

சோற்றுப் பானையில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். “யாரு விரலுன்னு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

தண்ணீரை எடுத்துக் குடித்தார். செம்பை வைத்தார்.

“என்னுதுன்னு சொன்னேன். கல்லுல விரல வைக்கிறவன் ஒரு ஆர்ட்டிஸ்டான்னு எல்லாரு முன்னாலயும் அசிங்கமா வஞ்சுட்டாரு. வாங்கிக்கிட்டேன். இது என் அடையாளம், இது இருந்தாத்தான் எழுதுவேன்னு சொல்லிட்டேன்.”

இதற்கு நான் என்ன செய்ய? அவரைக் கட்டிக்கொள்வதா, அகப்பையால் அடிப்பதா? சோறு வைத்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கூடத்துக்குள் போகவில்லை. அடுத்த வேலைக்காக அந்தக் கல்லை அவரே தேய்த்து வெறுங்கல்லாக்கினார், அதுதான் வழக்கம். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் வீட்டில் எழுதினேன். படத்தையும் திருப்பிப் பதிக்கக் கற்றுக்கொண்டு அவர் ஆர்ட்டிஸ்டாகவே இருந்தார், ஆர்ட்டிஸ்டாகவே போய்ச்சேர்ந்தார். போகிறதுக்கு முந்தின மாசம் ஒரு நாள், இப்போதாவது ஒரு தடவை சொல்லுங்களேன் என்று கேட்டேன். ஒனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்றேன். சுற்றிப் பார்த்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“யாராச்சும் வரட்டும், சொல்றேன்” என்றார்.

அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நான் அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றேன்.