ரீல் எதற்கு என்று கேட்டவர்

இன்று எங்கள் தூண்டில் கடைக்கு இறக்கக்கண்டியிலிருந்து ஓர் அண்ணா வந்தார். கைநூலில் மீன் பிடிப்பவர். நிலாவெளி ஹோட்டலுக்கு வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகும் வேலை கிடைத்திருக்கிறதாம். அவர்கள் இறகால் கட்டிய பொய்மீனை ஃப்ளை ரொட் என்ற நீளத் தூண்டில் கோலால் வீசிப் பிடிக்கிறவர்கள்.

"எனக்கு இதைத் தூக்கவே தெரியாது தங்கச்சி. நாளைக்கு அவையளுக்கு முன்னால வெக்கப்பட ஏலாது."

நான் வழக்கம்போல விலைகூடிய ரீலை எடுத்துவைத்து, இதுதான் முக்கியம் என்றேன்.

அதைப் பூட்டிய ரொட்டைக் கடையின் பின்வளவில் வீசிப் பார்த்தார். இரண்டு முறை நூல் அவர் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது முறை நேராகப் போனது.

பிறகு ரீலைத் தொடவேயில்லை. தழும்பேறிய விரல்களால் நூலை வெடுக்கு வெடுக்கென்று இழுத்தார். அது சிக்காமல் அவர் காலடியில் வளையம் வளையமாக விழுந்தது. மண்ணில் கிடந்த பொய்மீன், அடிபட்ட சூடைமீன் போலத் துடித்தது.

"ரீலைச் சுத்துங்கோ அண்ணா" என்றேன்.

"இழுக்கிறது கைதானே? இது சும்மா நூல் சுத்தி வைக்கத்தானே. மலிவானது காணும்."

உண்மைதான். நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

நல்ல ரொட்டும் மலிவான ரீலுமாகச் சிரித்துக்கொண்டு போனார். அவர் நாளைக்கு வெட்கப்படமாட்டார்.

கண்ணாடி அலுமாரியில் இருக்கும் அந்த விலைகூடிய ரீலை இனி என்ன சொல்லி விற்பது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவர் பார்க்காத மாதிரி.